இருபது நாள் இடைவெளி: இளம் அணிக்கு பை வீக் நல்லதா, கெட்டதா?

ஜனவரி முதல் வாரம். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் ஓர் அணி தன் பிரிவில் முதலிடத்தை ஏற்கெனவே உறுதி செய்துவிட்டது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு 22 வயது. வீசியதைப் பிடிக்கும் ரிசீவர்களில் பாதிப் பேர், லீக் சுற்றுக்குப் பிறகு வரும் நாக்அவுட்டான பிளேஆஃபை டிவியில் மட்டுமே பார்த்தவர்கள். லீக் சுற்றில் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கிறது, அதில் தோற்றாலும் ஒன்றும் குறையப்போவதில்லை. அதற்கு அடுத்த வாரம் பை வீக், அதாவது ஆட்டமே இல்லை. கோச் என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சமயத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். உடம்பு தேறட்டும், ஓய்வு கிடைத்ததே பாக்கியம் என்பது ஒரு கட்சி. இளம் பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஓடுவார்கள், நிறுத்தினால் டச் விட்டுப் போய்விடும் என்பது மறு கட்சி. என் பார்வையில் இரண்டு கட்சியுமே இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன. பை வீக் நல்லதா என்பது ஒரு கேள்வி. பை வீக்குக்கு முந்தைய ஆட்டத்தில் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைக்கலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குப் பதில் சுலபம். இரண்டாவதில்தான் இளம் அணிகள் மாட்டிக்கொள்கின்றன.

முதலில் அமைப்பு. 1990 முதல் 2019 வரை லீக்கின் இரு பிரிவுகளான ஏஎஃப்சி, என்எஃப்சி ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளுக்கு பை கிடைத்தது. 2020 பருவத்திலிருந்து பிளேஆஃப் 14 அணிகளாக விரிந்தது. பிரிவுக்கு ஏழு அணிகள், அதில் முதலிடத்துக்கு மட்டுமே பை. மற்ற ஆறும் வைல்டு கார்டு என்ற முதல் சுற்றில் மோத வேண்டும். முதலிடத்து அணி நேராக இரண்டாவதான டிவிஷனல் சுற்றுக்குப் போகும், இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரைக்கும் சொந்த மைதானத்தை விட்டு நகர வேண்டியதில்லை.

இதை வெறும் கணக்காகப் பார்ப்போம். ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வையுங்கள். பை உள்ள அணி கோப்பைக்கு மூன்று ஆட்டம் வெல்ல வேண்டும், வாய்ப்பு 21.6 சதவீதம். பை இல்லாத அணிக்கு நான்கு வெற்றி தேவை, வாய்ப்பு 13 சதவீதம்தான். ஓய்வால் டச் விட்டுப் போகிறது என்ற வாதம் ஜெயிக்க வேண்டுமென்றால், அந்த ஒரு வார ஓய்வு முதல் ஆட்டத்தின் வாய்ப்பை 60-லிருந்து 36-க்கு இழுத்துத் தள்ள வேண்டும். ஒரு நல்ல அணியை ஏழு நாள் சும்மா இருந்தது மட்டுமே அவ்வளவு தூரம் கெடுத்துவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இரண்டாம் இடம் பிடித்த அணிக்கு வைல்டு கார்டு ஆட்டம் அத்தனை கடினமில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 முதல் 2024 வரையிலான ஐந்து பருவங்களில் இரண்டாமிடத்து அணிகள் தங்கள் முதல் ஆட்டத்தை 10-க்கு 9 முறை வென்றன. ஆனால் அதற்குப் பிறகு? அந்தப் பத்தில் ஐந்துதான் பிரிவு இறுதிக்குப் போயின, 2024 ஈகிள்ஸ் மட்டுமே சூப்பர் பவுலைத் தொட்டது. அதே ஐந்து பருவங்களில் முதலிடத்து அணிகள் டிவிஷனல் சுற்றில் 10-க்கு 7 வென்றன, ஐந்து சூப்பர் பவுலுக்குப் போயின. முதலிடத்து அணி பொதுவாகவே பலமான அணி என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் பை வீக் கணக்கில் எழுதக் கூடாது. கோப்பை என்று பார்த்தாலும், முதலிடத்திலிருந்து வென்றது 2022 சீஃப்ஸ் மட்டுமே. ஆனாலும் பை வீக் அணியைக் கெடுக்கிறது என்பதற்கு இந்த எண்களில் சாட்சி இல்லை.

இங்கே 'இளம் அணி' என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்எஃப்எல்லில் மிக மூத்த அணிக்கும் மிக இளைய அணிக்கும் சராசரி வயதில் இடைவெளி பெரிதாக இருக்காது, பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுதான். ஆகவே இளமை என்பது முக்கியமாக குவார்ட்டர்பேக்கின் அனுபவம், அவரைச் சுற்றி நிற்பவர்களில் எத்தனை பேர் ஜனவரியில் ஆடியிருக்கிறார்கள் என்பது. அப்படிப் பார்த்தால், பை வீக் முதல் வருஷக்காரர்களான ரூக்கிகளுக்கு மூத்தவர்களைவிட அதிகம் தேவை என்றே சொல்வேன். கல்லூரியில் 12, 13 ஆட்டம் ஆடிப் பழகிய உடம்பு அது. கல்லூரிப் பருவம் முடிந்ததும் நேராக காம்பைன் தேர்வுக்குத் தயாரிப்பு, ஏப்ரலில் அணிகள் ஆளெடுக்கும் டிராஃப்ட், கோடையில் முகாம், ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்கள், பிறகு 17 லீக் ஆட்டம். முழுதாக ஓய்வு என்பதையே பார்க்காமல் ஒன்றரை வருஷம் ஓடியவன் ஜனவரியில் நிற்கிறான். அவன் காலுக்கு ஒரு வாரம் கொடுப்பது கருணை மட்டுமல்ல, புத்திசாலித்தனமும்கூட.

மறு கட்சியின் வாதத்தில் எனக்கு உண்மையிலேயே மதிப்புள்ள பகுதி ஒன்று உண்டு: வைல்டு கார்டு ஆட்டம் ஒரு பள்ளிக்கூடம். 2022 பருவத்து ஜாக்வார்ஸை நினைத்துப் பாருங்கள். அதன் குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸ் தன் முதல் பிளேஆஃப் ஆட்டத்தின் முதல் பாதியில் நான்கு இன்டர்செப்ஷன் வீசினார், அதாவது நான்கு முறை பந்தை எதிரணி பிடித்துக்கொண்டது. சார்ஜர்ஸ் 27-0 என்று முன்னிலை. அங்கிருந்து எழுந்து 31-30 என்று வென்றார்கள். அடுத்த வாரம் சீஃப்ஸின் மைதானமான ஏரோஹெட்டில் அவர்களிடம் 27-20 என்றுதான் தோற்றார்கள். முதல் வாரம் அந்த அடி வாங்கியிருக்காவிட்டால் ஏரோஹெட்டில் அப்படி நிதானமாக நின்றிருப்பார்களா என்பது சந்தேகமே.

2023 பேக்கர்ஸ் இன்னும் நல்ல உதாரணம். லீக்கிலேயே மிக இளைய அணி, ஏழாம் இடம். டல்லஸுக்குப் போய், அந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் தோற்றே இராத கவ்பாய்ஸை 48-32 என்று புரட்டிப் போட்டார்கள். ஏழாமிடத்து அணி ஒன்று பிளேஆஃப் ஆட்டம் வென்றது அதுவே முதல்முறை. அடுத்த வாரம் முதலிடத்து 49அர்ஸை கடைசி நிமிஷம் வரை திணறடித்து 24-21 என்று தோற்றார்கள். 2024-இல் ரூக்கி ஜேடன் டேனியல்ஸின் கமாண்டர்ஸ் டாம்பாவில் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்த கடைசி ஃபீல்டு கோலால் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) 23-20 என்று தப்பித்தார்கள். ஆறே நாளில் டெட்ராய்ட் போய், 15-2 (15 வெற்றி, 2 தோல்வி) என்று பருவத்தை முடித்து ஓய்வெடுத்திருந்த லயன்ஸை 45-31 என்று வீழ்த்தினார்கள்.

இந்தக் கதைகள் உற்சாகம் தருபவை. ஆனால் நாம் ஜெயித்தவர்களை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்கிறோம். அதே 2024-இல் ரூக்கி போ நிக்ஸின் பிராங்கோஸ் பஃபலோவில் 31-7 என்று தோற்று முதல் வாரமே வீட்டுக்குப் போனது. 2018-இல் ரூக்கியாக இருந்த ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் சொந்த மண்ணில் சார்ஜர்ஸிடம் 23-17 என்று தோற்றார். பள்ளிக்கூடம் என்றால் அதில் ஃபெயிலாகிறவர்களும் உண்டு, ஃபெயிலானால் அந்த வருஷக் கதை அதோடு முடிந்தது. தோல்விக்கு இடமுள்ள ஆட்டத்தில்தான் பாடம் படிக்க வேண்டும். பை வீக்குக்கு முந்தைய கடைசி லீக் ஆட்டம் அப்படிப்பட்டது.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு இதில்தான் அக்கறை அதிகம்.

2019 ரேவன்ஸைப் பாருங்கள். 14-2, தொடர்ந்து 12 வெற்றி, லமார் ஜாக்சன் ஒருமனதாக எம்விபி, அதாவது பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர். டிசம்பர் 22 அன்று கிளீவ்லண்டில் வென்றதோடு முதலிடம் உறுதியானது. டிசம்பர் 29 ஸ்டீலர்ஸ் ஆட்டத்தில் லமார் உட்பட முக்கியமானவர்களை உட்கார வைத்தார்கள், மாற்று ஆட்டக்காரர்களை வைத்தே 28-10 என்று வென்றார்கள். அடுத்து பை வீக். லமார் மறுபடி களமிறங்கியது ஜனவரி 11. இருபது நாள். அப்போது அவருக்கு 23 வயது முடிந்து நான்கே நாள் ஆகியிருந்தது.

எதிரே வந்த டைட்டன்ஸ் ஆறாம் இடம், முந்தைய வாரம்தான் நியூ இங்கிலாந்தில் போய் பேட்ரியாட்ஸை 20-13 என்று வென்று சூடாக வந்திருந்தார்கள். ரேவன்ஸின் முதல் டிரைவிலேயே (ஒரு தாக்குதல் தொடர்) பந்து மார்க் ஆண்ட்ரூஸின் கையில் பட்டுத் தெறித்தது, டைட்டன்ஸின் கெவின் பயர்ட் பிடித்தார். டைட்டன்ஸ் பந்தை எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுன். அடுத்து நாலாவது, அதாவது கடைசி முயற்சியில் ரேவன்ஸுக்கு ஒரு யார்டு தேவை. பருவம் முழுக்க அந்த இடத்தில் ரேவன்ஸ் எட்டுக்கு எட்டு எடுத்திருந்தது. அன்று தடுத்து நிறுத்தப்பட்டார்கள், உடனே 45 யார்டு டச்டவுன், 14-0. ஓடியே எதிரியைக் களைக்க வைத்த அணி, பின்தங்கியதால் லமாரை 59 முறை வீச வைத்தது. இறுதியில் 28-12. டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி 195 யார்டு ஓடினார்.

லமாரின் ஆட்டம் முழுக்க நேரக் கணக்கில் நிற்பது. பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்து, எதிர்முனைத் தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, கொடுப்பதா இழுப்பதா என்று அரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். பயிற்சியில் சொந்த அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் குவார்ட்டர்பேக்கைத் தொடவே மாட்டார்கள், ஆகவே அந்த அரை நொடியை நிஜ ஆட்டத்தில் மட்டுமே கூர்தீட்ட முடியும். பத்து வருஷம் ஆடியவருக்கு அது ரத்தத்தில் ஊறியிருக்கும். இரண்டாம் வருஷக்காரருக்கு இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.

2016 கவ்பாய்ஸ் கதையும் இதேதான். குவார்ட்டர்பேக் டாக் பிரஸ்காட், ரன்னிங் பேக் எசகீல் எலியட் இரண்டு பேரும் ரூக்கி. 13-3, முதலிடம். டிசம்பர் 26 திங்கள் இரவு லயன்ஸை வென்ற பிறகு, ஜனவரி 1 பிலடெல்பியா ஆட்டத்தில் பிரஸ்காட் இரண்டே டிரைவ் ஆடினார், எலியட் இறங்கவே இல்லை. பிறகு பை. ஜனவரி 15 அன்று பேக்கர்ஸ் வந்தது. முழு ஆட்டம் ஆடி அன்றைக்கும் இருபது நாள். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் 21-3. இளைஞர்கள் அதிலிருந்து எழுந்து 28-28, பிறகு 31-31 என்று சமன் செய்தார்கள். கடைசி நொடிகளில் பேக்கர்ஸின் ஆரோன் ராட்ஜர்ஸ் ஓரக்கோட்டில் ஜாரட் குக்குக்கு வீச, மேசன் கிராஸ்பி 51 யார்டு ஃபீல்டு கோல் அடித்து 34-31 என்று முடித்தார். பிரஸ்காட் மோசமாக ஆடவில்லை. 302 யார்டு, மூன்று டச்டவுன். ஆனால் மொத்த அணியும் விழித்துக்கொள்ள ஒரு கால்பகுதிக்கு மேல் எடுத்துக்கொண்டது, வித்தியாசம் மூன்றே புள்ளி.

2004 ஸ்டீலர்ஸும் உண்டு. ரூக்கி பென் ராத்லிஸ்பெர்கர், 15-1. டிசம்பர் 26 ஆட்டத்தில் விலாவில் அடி, கடைசி லீக் ஆட்டத்தில் இறங்கவில்லை, பிறகு பை, மறுபடி வந்தது ஜனவரி 15. மறுபடியும் இருபது நாள். ஜெட்ஸுக்கு எதிராக இரண்டு இன்டர்செப்ஷன், அதில் ஒன்று 86 யார்டு ஓடி டச்டவுனாகத் திரும்பியது. ஜெட்ஸின் டக் பிரையன் கடைசி இரண்டு நிமிஷத்தில் இரண்டு ஃபீல்டு கோலைத் தவறவிட்டதால்தான் ஸ்டீலர்ஸ் தப்பித்தது, கூடுதல் நேரத்தில் 20-17.

இதற்கு எதிர்ப்பக்கம்: 2001-இல் டாம் பிரேடி, முதல் வருஷமாகத் தொடர்ந்து ஆடுபவர். கடைசி லீக் ஆட்டம் ஜனவரி 6, பிறகு பை, ஜனவரி 19 பனியில் ரெய்டர்ஸை 16-13 என்று வென்றார். 2013-இல் இரண்டாம் வருஷ ரஸல் வில்சன், டிசம்பர் 29 ஆடி, ஜனவரி 11 செயின்ட்ஸை 23-15 என்று வென்றார். 2018-இல் பேட்ரிக் மஹோம்ஸ், முதலிடத்துக்காக டிசம்பர் 30 வரை முழுமூச்சாக ஆட வேண்டியிருந்தது, ஜனவரி 12 அன்று கோல்ட்ஸை 31-13 என்று அடித்தார். மூவருக்கும் இடைவெளி பதின்மூன்று நாள். மூவருக்கும் பை இருந்தது, ஆனால் அதன் முன்னால் இன்னொரு ஓய்வு சேரவில்லை.

பதின்மூன்று நாள் என்றால் ஜெயம் நிச்சயம் என்றும் இல்லை. 2010 ஃபால்கன்ஸ், மூன்றாம் வருஷ மேட் ரயன், 13-3, கடைசி வாரம்வரை ஆடினார்கள், அப்படியும் பேக்கர்ஸிடம் சொந்த மண்ணில் 48-21 என்று நொறுங்கினார்கள். சில நாள் எதிரி வெறுமனே மேலான அணியாக இருப்பான். தோற்ற எல்லா முதலிடத்து அணிக்கும் ஓய்வே காரணம் என்று எழுதிவிடுவதும் தப்பு. 2021 பேக்கர்ஸ் 49அர்ஸிடம் 13-10 என்று தோற்றபோது இந்தப் பேச்சு வந்தது. ஆனால் அன்று அவர்கள் முதல் டிரைவிலேயே டச்டவுன் போட்டார்கள். தோற்கடித்தது தடுக்கப்பட்ட பன்ட் உதை, மொத்தமாகச் சொதப்பிய ஸ்பெஷல் டீம்ஸ் (உதை ஆட்டத்துக்கான குழு). 2024 லயன்ஸ் கடைசி லீக் ஆட்டத்தை ஜனவரி 5 அன்று முழு பலத்தோடு ஆடியது. கமாண்டர்ஸ் ஆட்டத்தில் ஐந்து முறை பந்தை இழந்ததும், காயங்களால் ஓட்டையாகிப்போன தடுப்பும்தான் காரணம். அதே பை வீக்தான் லயன்ஸ் ரன்னிங் பேக் டேவிட் மாண்ட்கோமரியை முழங்கால் காயத்திலிருந்து அந்த ஆட்டத்துக்குக் கொண்டுவந்தது.

நீண்ட இடைவெளி எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதற்கு 2024 சீஃப்ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று முதலிடம் உறுதி. ஜனவரி 5 டென்வரில் மாற்று ஆட்டக்காரர்களை அனுப்பி 38-0 என்று உதை வாங்கினார்கள். பிறகு பை. மஹோம்ஸ் ஜனவரி 18 அன்று இறங்கியபோது இருபத்து நான்கு நாள் ஆகியிருந்தது. டெக்ஸன்ஸை 23-14 என்று வென்றார்கள், டிராவிஸ் கெல்சி 117 யார்டு, ஒரு டச்டவுன். அந்த இருவரும் பிளேஆஃபில் அத்தனை ஆட்டம் சேர்ந்து ஆடியவர்கள். சீஃப்ஸ் கோச் ஆண்டி ரீட் செய்ததைப் பார்த்து 22 வயது குவார்ட்டர்பேக் வைத்திருக்கும் கோச் அப்படியே காப்பியடித்தால், மஹோம்ஸின் சேமிப்பை வைத்துத் தன் செலவைக் கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம்.

கல்லூரி ஆட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் கொடுமை. 2024 பருவத்தில்தான் 12 அணி பிளேஆஃப் தொடங்கியது. பை பெற்ற ஓரிகன், ஜார்ஜியா, பாய்ஸி ஸ்டேட், அரிஸோனா ஸ்டேட் நான்கும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. டிசம்பர் 7 வாக்கில் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் துணை லீக்) இறுதி ஆடிவிட்டு, புத்தாண்டுவரை மூன்றரை வாரம் சும்மா இருந்தவர்கள். ஜார்ஜியாவுக்குக் கூடுதல் சோதனை: கான்ஃபரன்ஸ் இறுதியில் குவார்ட்டர்பேக் கார்சன் பெக் காயம்பட, கன்னர் ஸ்டாக்டன் கல்லூரி வாழ்க்கையில் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடியதே அந்தக் காலிறுதியில்தான். நோட்ர டேமிடம் 23-10. பை பெற்றவர்களுக்குச் சொந்த மைதானமும் கிடையாது, பொது இடத்து பவுல் ஆட்டம்தான். என்எஃப்எல் கொடுக்கும் பரிசில் பாதி அங்கே இல்லை. பாய்ஸியும் அரிஸோனா ஸ்டேட்டும் கான்ஃபரன்ஸ் சாம்பியன் என்பதால் உயர்ந்த இடம் பெற்றவை, ஆகவே நான்கு தோல்வியையும் ஓய்வின் தலையில் கட்ட மாட்டேன். ஆனாலும் இருபது வயதுப் பையன்களுக்கு அந்த மூன்றரை வாரம் நல்லது செய்யவில்லை என்பது தெளிவு.

உட்கார வைப்பதற்கும் காரணம் இருக்கிறது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010 ஜனவரி 3 அன்று, பேட்ரியாட்ஸ் பிளேஆஃபுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட நிலையில், ஹூஸ்டன் ஆட்டத்தில் வெஸ் வெல்கரின் முழங்கால் போனது. அடுத்த வாரம் ரேவன்ஸிடம் 33-14. 2025 ஜனவரி 5 அன்று பேக்கர்ஸ் ஆறாமிடமா ஏழாமிடமா என்பதற்காக மட்டும் ஆடிய ஆட்டத்தில் கிறிஸ்டியன் வாட்சனின் முழங்கால் கிழிந்தது, ஜார்டன் லவ்வுக்கு முழங்கையில் அடி. இப்படி நடந்துவிட்டால் கோச்சை ஊரே தின்றுவிடும். அந்தப் பயம் நியாயமானது.

ஆகவே நான் அந்தக் கோச்சின் இடத்தில் இருந்தால் ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்ப்பேன். எப்படியும் 53 பேரில் ஆட்ட நாளில் 48 பேர்வரைதான் இறக்க முடியும் என்பதால் எல்லோரையும் உட்கார வைப்பது நடக்காத காரியம். முப்பது தாண்டிய டேக்கிள், கணுக்கால் வீங்கிய ரன்னிங் பேக், பத்து வருஷம் ஆடிய கார்னர்பேக் இவர்கள் உட்காரட்டும். அவர்களுக்கு மூன்று வாரத்தில் ஒன்றும் மறந்துவிடாது. இளம் குவார்ட்டர்பேக்கும் அவருடைய முதல் மூன்று ரிசீவர்களும் முதல் பாதி ஆடட்டும். குவார்ட்டர்பேக் ஓடும் நகர்வுகளைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, பந்து இரண்டரை நொடிக்குள் கையைவிட்டுப் போகும் நகர்வுகளை மட்டும் வைக்கலாம். அவரைக் காக்க முன்னால் நிற்கும் லைன் முழுதும் முதல் வரிசையாகவே இருக்க வேண்டும். குவார்ட்டர்பேக்கை ஆடவிட்டு லைனை மாற்று ஆட்டக்காரர்களால் நிரப்புவது இரண்டு வழியிலும் மோசமானதைத் தேர்ந்தெடுப்பது.

பை வீக்கில் முதல் மூன்று நாள் முழு ஓய்வு. பிறகு ஒரே ஒரு நாளாவது முதல் வரிசை தாக்குதலும் முதல் வரிசைத் தடுப்பும் நேருக்கு நேர் ஆட வேண்டும். மாற்று ஆட்டக்காரர்கள் எதிரணியைப் போல நடித்துக் காட்டும் வழக்கமான பயிற்சியில் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும். டிவிஷனல் ஆட்டத்துக்கு வந்ததும், எழுதி வைத்திருக்கும் முதல் பதினைந்து நகர்வுகளில் ஆரம்பத்தில் நீண்ட பாஸ் எதுவும் இருக்கக் கூடாது. 2021 டைட்டன்ஸ் ஓய்வெடுத்து வந்து முதல் நகர்விலேயே வீசிய பந்தை பெங்கால்ஸின் ஜெஸ்ஸி பேட்ஸ் பிடித்தார். பெங்கால்ஸ் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை ஒன்பது முறை சாய்த்தும் டைட்டன்ஸ்காரர்கள் 19-16 என்று தோற்றார்கள். அந்த பாஸை வீசியவர் ரயன் டேனஹில், முப்பதைத் தாண்டிய குவார்ட்டர்பேக்.